கட்டுமேடையின் கோட்டம்



வடமராட்சிக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையைப் பற்றிப் பேசுவோர் 'அன்னபூரணி'யை மறப்பதில்லை. அவ்வூரில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சிறு பாய்ப்படகொன்றில் ஏறி, 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர் அவர். தாம் வாங்கிய கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர்.

அக்கப்பலின் மாதிரி ஒன்றை மரத்தாற் செய்து எங்கள் வாசிகசாலைக்கு அளிக்க வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை உண்டாயிற்று. அம்முயற்சியில் நேர்ந்த ஒரு பிழையையும், அதனைத் திருத்திய முறையையுமே இன்று சொல்ல வந்தேன்.

பெருங்கப்பலைக் கட்டுவோர் ஏரா என்னும் அடிமரத்தை முதலிற் கட்டைகளின்மேல் நேராக ஏற்றி வைப்பர். விலா எலும்பு போன்ற வங்குகளைப் பின்னரே அதன்மேல் நிறுத்துவர். மாதிரிக் கப்பலுக்கும் அத்தகைய ஒரு பீடம் வேண்டும். அகன்ற பலகை ஒன்றின் நடுவே ஏராவைப் பிடிக்கும் கட்டைகளும், இரு மருங்கிலும் வங்குகளைச் செங்குத்தாக நிறுத்தும் சட்டங்களும் அமைந்த அப்பீடத்தைக் கட்டுமேடை என்று அழைப்போம். கப்பல் முடிந்ததும் அது கழற்றப்படும். அதனைப் பார்ப்பவர் எவருமில்லை. ஆயினும் கப்பலின் நேர்மை முழுவதும் அதனையே பொறுத்தது.

சோளகக் காற்று வீசிய வறண்ட மாதங்களில் நான் கட்டுமேடையைச் செய்தேன். கோடுகள் தெளிவாகத் தெரியட்டும் என்று பலகையின் மேற்புறத்துக்கு மட்டும் வெள்ளை வர்ணம் பூசினேன். அடிப்புறத்தை வெறுமையாக விட்டேன். ஐப்பசி பிறந்தது, மழை தொடங்கியது. கார்த்திகையில் வங்குகளை நிறுத்த முற்பட்டபோது அவை சட்டங்களுக்கிடையே இறுகின. வங்குகளைத் தடிப்பாக வெட்டிவிட்டேன் என எண்ணி, நான்கினை அரத்தால் தேய்த்தேன்.

அப்போது அயலிலுள்ள முதிய தச்சர் ஒருவர் வந்தார். இரண்டு நேரான சிறு சட்டங்களைக் கேட்டு வாங்கினார். பலகையின் இரு தலைப்பிலும் அவற்றைக் குறுக்காக வைத்து, கண்ணைத் தாழ்த்தி, ஒன்றின் மேல்விளிம்பின் வழியே மற்றதன் விளிம்பை நோக்கினார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பின்னர் மட்டப்பலகையைக் குறுக்கே வைத்தார். நடுவிலே எட்டில் ஒரு பங்கு அங்குல இடைவெளி தெரிந்தது.

"தம்பி, வங்கிலே பிழையில்லை. பலகை குழிந்திருக்கிறது, ஒரு தலைப்பில் முறுகியும் இருக்கிறது. நீ கோணலான மேடைக்கு ஏற்பக் கப்பலைச் செதுக்குகிறாய்" என்றார்.

எட்டில் ஒரு பங்கு அங்குலந்தானே என்றேன். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது என் மாதிரியின் கணக்கு. அவ்வளவைப்படி மெய்யான கப்பலில் அப்பிழை அரையடியாகும் என்று அவர் சொன்னபோது நான் வாயடைத்தேன்.

அன்றிரவு பலகையைக் கவிழ்த்து, அம்மிக்கல்லை அதன்மேல் ஏற்றி வைத்தேன். காலையில் நேராயிருந்தது, மாலையில் மீண்டும் குழிந்தது. காரணம் நீங்காமற் காரியம் நீங்குமா? மரம் ஈரத்தை ஏற்கும்போது நீளத்தில் மிகச் சிறிதே மாறும்; அகலத்திலேதான் விரியும். வர்ணம் பூசிய மேற்புறம் ஈரத்தை எளிதில் ஏற்கவில்லை. வெறுமையான அடிப்புறமோ வாடைக் காலத்து ஈரத்தைக் குடித்து விரிந்தது. அதனால் விளிம்புகள் மேலெழுந்தன. பக்கச் சட்டங்கள் உட்புறம் சாய்ந்து வங்குகளை நெருக்கின.

பெரியவர் கூறியபடி ஏராவையும் வங்குகளையும் சட்டங்களையும் கழற்றி வைத்தேன். வர்ணத்தை முற்றாகச் சுரண்டி, இரு புறமும் காற்றுப் படும்படி பலகையை விளிம்பில் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் கோட்டத்திற் பாதிக்கு மேல் தானாகவே தணிந்தது. தை மாதத்து வெயில் வந்ததும் ஈரச்சாக்கை விரித்து, குழிந்த புறம் கீழும் புடைத்த புறம் மேலுமாகப் பலகையை அதன்மேல் வைத்தோம். கீழ்ப்புறம் ஈரத்தால் விரிய, மேற்புறம் வெயிலாற் சுருங்க, பலகை மெல்ல நேராயிற்று. உடனே அதனைத் தடித்த சட்டங்களுக்கிடையே இறுக்கிக் கட்டி, நிழலிற் சில நாள் உலரவிட்டோம். எஞ்சிய சிறு முறுக்கை, உயர்ந்திருந்த மூலைகளைச் சீவி நீக்கினோம்.

அடியிலே மூன்று குறுக்குச் சட்டங்களைத் திருகாணியால் இணைத்தோம். ஆணித் துளைகளைச் சற்று நீளமாக வெட்டச் சொன்னார் பெரியவர். மரம் பருவத்துக்குப் பருவம் அசையும். அசைய இடமளித்தால் கோணாது, தடுத்தால் வெடிக்கும் என்பது அவர் விளக்கம். இறுதியில் இரு புறத்துக்கும் ஒரே அளவாக வார்னிஷ் பூசினோம். நடுக்கோட்டை நூல் பிடித்துப் புதிதாக வரைந்தோம். பக்கச் சட்டங்களை மீண்டும் பொருத்தி, ஒவ்வொன்றையும் மூலைமட்டத்தாற் சரிபார்த்தோம்.

வங்குகளை மீண்டும் நிறுத்தினேன். நான் தேய்க்காதவை யாவும் தத்தம் இடத்தில் இதமாக அமர்ந்தன. தேய்த்த நான்கும் தளர்ந்து ஆடின. அவற்றை எறிந்துவிட்டுப் புதிதாக நான்கு வெட்டினேன். ஆத்திரத்தால் வந்த நட்டம் அது.

அன்னபூரணியை இனி வல்வைக் கரையிற் காண இயலாது. வாசிகசாலைக்கு வரும் சிறுவர் அதன் வடிவை அறிவது இம்மாதிரியால்தான். கோணல் மேடையில் அதனைக் கட்டி முடித்திருந்தால், நம் தச்சர் கோணலாகவே கப்பல் கட்டினர் என்றல்லவா அவர்கள் எண்ணியிருப்பர்? அப்பழியை நம் முன்னோர்மேற் சுமத்தாதபடி காத்தவர் அந்த முதியவர். ஒரு பொருள் பொருந்தாதபோது பொருளைச் செதுக்குமுன், அது நிற்கும் மேடையை நோக்குங்கள் என்று கூறி விடைபெறுகிறேன்.