படகின் உட்புறம் பேணுவோம்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி மேடையில் ஏறுகிறவர்கள் கரையின் பெருமையைப் பேசுவது வழக்கம். 1542-ஆம் ஆண்டில் புனித சவேரியார் கால் பதித்த முத்துக்குளித்துறை இது. 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் அச்சு நூலைத் தந்த அண்ட்ரிக் அடிகளார், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து பணியாற்றியவர். பேசப் பெருமை நிறைய உண்டு. அவற்றை நம்மினும் கற்றோர் பேசுவார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. படகின் உட்புறத்தைக் கழுவி, உலர்த்தி, பேணுவது பற்றிச் சில வார்த்தைகள். “இதற்கும் ஒரு பேச்சா?” என்று எண்ண வேண்டாம். இதில் உயிர் இருக்கிறது.

நோவாவின் பேழையை நினைத்துப் பாருங்கள். பேழையில் அறைகள் அமைக்கவும், உள்ளும் புறமும் கீல் பூசவும் இறைவன் கட்டளையிட்டார் என்று தொடக்க நூல் கூறுகிறது. புறத்தே மட்டும் பூசினால் போதும் என்று சொல்லவில்லை. நாமோ படகின் வெளிப்புறத்திற்கு ஆண்டுதோறும் வண்ணம் தீட்டுகிறோம்; அணியத்தில் புனிதரின் பெயரை அழகாக எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரியாத உள் அறைகளை மறந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் அப்படி மறக்கவில்லை. பலகை இடைவெளிகளைக் கலப்பற்று அடித்து அடைத்தார்கள். புன்னை எண்ணெய் பூசி மரத்தைக் காத்தார்கள். மர வள்ளம் வைத்திருப்போர் ஒன்றை அறிய வேண்டும்: கடல் நீரைவிடத் தேங்கி நிற்கும் மழைநீரே மரத்தை விரைவில் உளுத்துப்போகச் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அணியத்தின் உள்மூலையிலும், பலகைக்கு அடியிலும் தண்ணீர் தங்கும். காற்றுப் புகாத அந்த மூலையில்தான் உளுப்புத் தொடங்கும். ஆகவே மழை விட்டதும் தண்ணீரை இறைத்து, உட்பலகைகளைத் தூக்கி வைத்து, காற்றோட வெயில் காட்டுங்கள்.

இன்று ஃபைபர் படகுகளே மிகுதி. “ஃபைபர் உளுக்காது” என்று சிலர் கவலையின்றி இருக்கிறார்கள். ஃபைபர் உளுக்காது என்பது மெய்யே. ஆனால் படகு கவிழ்ந்தாலும் மிதந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அதன் மூடிய அறைகளில் நுரைப்பொருள் அடைத்திருக்கிறார்கள். ஒரு சிறு வெடிப்பின் வழியே அங்கே தண்ணீர் புகுந்தால், படகு கனக்கும். மிதக்கும் வலு குறையும். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது அறையின் மூடியைத் திறந்து பாருங்கள். ஈரம் கண்டால் உலர்த்தி, வெடிப்பைக் கண்டுபிடித்து அடையுங்கள்.

அடுத்தது மீன் அறை. நம் வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பார்கள். எவ்வளவு ஐஸ் போட்டாலும் அறை அழுக்காக இருந்தால் மீன் கெடும். ஏலத்தில் விலை விழும். கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு இரத்தத்தையும் வழுவழுப்பையும் அலச வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றினால் அவை கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்புத்தூள் கரைத்த நீரால் தேய்த்து மறுபடி அலச வேண்டும். கடைசியாகப் பிளீச்சிங் பவுடர் நீர்: பத்து லிட்டருக்கு மூன்று, நான்கு கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் நச்சுவாயு கிளம்பும். துறைமுகத்துக்குள் கிடக்கும் எண்ணெய் படிந்த தண்ணீரை மொண்டு கழுவுவதும் கூடாது. அது அழுக்கை அழுக்கால் கழுவுவதாகும்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறோம்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். மீன் அறை மூடிக் கிடக்கும். உள்ளே தங்கிய மீன் துணுக்கும் ஐஸ் தண்ணீரும் அழுகி, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். முதலில் அழுகிய முட்டைபோல நாறும். வாயு மிகுந்துவிட்டால் அது நம் மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்துவிடும். “நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்” என்று நாம் எண்ணும் நேரமே சாவு காத்திருக்கும் நேரம்.

நாற்றமே இல்லாத அறையும் ஆபத்தானதே. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. அது பத்துப் பங்குக்குக் கீழே போனால் மனிதன் கூப்பிடவும் நேரமின்றி நினைவிழந்து விழுவான். மூடிய இரும்புத் தொட்டியில் துருப்பிடிப்பதே ஆக்சிஜனை உண்டுவிடும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில், தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்கு மிதவைக் கப்பலின் நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூவர் மூச்சுத்திணறி மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் புயலில் அகப்படவில்லை. ஆழ்கடலில் தவறி விழவில்லை. கரையருகே, கழுவப் போன இடத்தில் உயிரை விட்டார்கள்.

இத்தகைய விபத்தில் ஒருவர் விழுந்தால், “ஐயோ, தம்பி!” என்று அடுத்தவர் குதிக்கிறார். அவரும் விழுகிறார். மூடிய அறைகளில் இறந்தோரில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் எடுத்துரைத்தது. அன்பு நல்லதுதான். ஆனால் முன்யோசனையில்லாத அன்பு ஒரு வீட்டின் துயரத்தை இரண்டு வீட்டுத் துயரமாக்கிவிடும்.

தாமிரபரணிக் கரையூர்களில் கிணறு தூர்வார இறங்குகிறவர்கள் முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அந்த முன்யோசனை நமக்கும் வேண்டும். விளக்கு மட்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி நிற்கும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். விளக்கு எரிந்தாலும் நச்சுவாயு இல்லை என்று பொருளாகாது.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். ஒன்று: மூடியைத் திறந்தவுடன் இறங்காதீர்கள். அழுகிய நீரை மேலிருந்தே பம்பு வைத்து இறைத்து, குழாய் வழியே அடிவரை காற்றைச் செலுத்துங்கள். இரும்புத் தொட்டி என்றால், வாயு அளக்கும் கருவியால் பார்க்காமல் இறங்கவே கூடாது. இரண்டு: தனியே இறங்காதீர்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து ஒருவர் மேலே விழித்திருக்கட்டும். மூன்று: உள்ளே ஒருவர் மயங்கினால் குதிக்காதீர்கள். கயிற்றால் இழுங்கள், காற்றைச் செலுத்துங்கள், 108-ஐ அழையுங்கள்.

படகு உரிமையாளர்களே, கூலிக்கு வரும் இளைஞன் “இறங்கமாட்டேன்” என்று சொன்னால் அவனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அவனும் ஒரு தாயின் பிள்ளை. ஒரு நாள் வேலை தள்ளிப்போவதால் வரும் நட்டத்தை அடுத்த பாட்டில் ஈடு செய்யலாம். போன உயிரை எந்தப் பாட்டில் பிடித்துக் கொண்டுவருவோம்? தாய்மார்களே, தடைக்காலம் முடிந்து பிள்ளைகள் படகைத் திறக்கப் போகும் காலையில், “மேலே யார் நிற்கிறார்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டனுப்புங்கள்.

அன்பர்களே! கோயிலில் நாம் அமரும் நடுப்பகுதிக்கு லத்தீனில் ‘கப்பல்’ என்னும் பொருளுடைய சொல்லே வழங்கி வந்தது. உவரியில் கப்பல் மாதா ஆலயம் கப்பல் வடிவிலேயே எழுந்து நிற்கிறது. திருவிழா வந்தால் கோயிலின் ஒட்டடை அடித்து, உள்ளும் புறமும் வெள்ளையடித்து, எல்லாச் சன்னல்களையும் திறந்து வைக்கிறோமன்றோ? நம் ஆண்டவர் சீமோனின் படகில் அமர்ந்து போதித்தார். படகின் பின்புறத்தில் தலை சாய்த்துத் துயின்றார். அவர் ஏறி அமரத் தகுந்ததாக நம் படகின் உள் அறையும் இருக்கட்டும். கடலுக்குப் போகிறவர்களும் கரையில் நின்று படகைக் கழுவுகிறவர்களும் ஒருவர் குறையாமல் வீடு திரும்பட்டும். அதுவே இந்த யூபிலிக்கு நாம் செலுத்தும் நல்ல காணிக்கை.

மரியே வாழ்க!