லயத்து மரத்துக்கு யார் பொறுப்பு?



2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியது. அதன் பிறகு காற்று வீசினாலே எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் லயத்துக்கு மேலே நிற்கும் டர்பன்டைன் மரங்களைத்தான் பார்க்கிறார்கள். பயத்தில் எல்லா மரத்தையும் வெட்டச் சொல்கிறோம். அது சரியல்ல. சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் மரத்தின் வேர்தான்.

ஆபத்தான மரத்தை நாமே அடையாளம் காணலாம். மரம் புதிதாகச் சாய்ந்திருக்கும்; அடியில் மண் வெடித்திருக்கும்; தூரில் காளான் முளைத்திருக்கும். அப்படிப்பட்ட மரங்களைக் கணக்கெடுத்து, தோட்டத் தலைவர் மூலம் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுப்போம். பிரட்டுக்களத்தில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைப்போம். கிராம சேவகருக்கும் ஒரு பிரதி கொடுப்போம். காணி நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை அந்த மரங்களை வெட்டுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே நமது கோரிக்கை. நம் பிள்ளைகளை மரத்தில் ஏற்றி வெட்ட விடமாட்டோம்.

வாசலில் நிற்கும் கொய்யாவும் பலாவும் நம் பொறுப்பு. கான் வெட்டும்போது வேரை வெட்டாமல் பார்ப்போம். மரத்தை மொட்டையடித்தால் பிறகு தளிர்க்கும் கிளைகள் பலமில்லாமல் முறியும். காய்ந்த கிளைகளை மட்டும் மே மாத மழைக்கு முன்பே கழித்துவிடுவோம். வெயில் காலத்தில் தூரில் ஒட்டாமல் சுற்றிவரச் சருகு போட்டு, வேர் நனையத் தண்ணீர் விடுவோம்.

அடைமழையில் மண் வெடித்தால் சாமான்களைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறி 117க்கு அறிவிப்போம். கடிதம் எழுத மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எழுதுவோம்.