கோஷம் தந்த காதல் கவிஞர்

(கிளைப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைய பேச்சு உருதுக் காதல் கவிதை பற்றியது என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். போனஸ் விவகாரம் இருக்கிறது, குத்தகைப் பிரச்னை இருக்கிறது, காதல் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன் நாம் ஒரு சுயவிமரிசனம் செய்துகொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். இரவு ஷிப்டு முடிந்து வந்து எழுதிய பாட்டுக்கள். எல்லாம் ஒரு பெண்ணைப் பற்றியவை. "கூலிப் போராட்டம் நடக்கிற நேரத்தில் காதல் பாட்டா? அது வயிறு நிறைந்தவன் வேலை" என்று கண்டித்து அனுப்பினோம். அதன் பிறகும் அவர் சந்தா கட்டினார், கூட்டத்துக்கு வந்தார். ஆனால் நோட்டு மட்டும் வெளியே வரவில்லை. நம்மிடம் மனம் விட்டுப் பேசவும் இல்லை.

தோழர்களே, ஊர்வலம் கிளம்பும்போது நாம் முதலில் எழுப்பும் கோஷம் எது? "இன்குலாப் ஜிந்தாபாத்!" நடவு வயலில் நிற்கும் தாய்க்கும் அதன் அர்த்தம் தெரியும். அந்தக் கோஷத்தை 1921-ல் நாட்டுக்குக் கொடுத்தவர் மௌலானா ஹஸ்ரத் மொஹானி. அவர் எழுதிப் புகழ் பெற்றது என்ன? காதல் கவிதை!

இது எப்படி நேர்ந்தது? உருதுக் கவிதையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

உருதுவில் காதலைப் பாடும் முக்கிய வடிவத்துக்கு 'கஜல்' என்று பெயர். இரண்டிரண்டு அடிகளாக அமையும். ஒவ்வொரு இரண்டடியும் தனித்து நின்று பொருள் தரும். கடைசி இரண்டடியில் கவிஞர் பெரும்பாலும் தம் புனைபெயரை வைப்பார். 'முஷாயிரா' என்னும் கவியரங்கில் அதைச் சொல்லும்போது, சபை "வாஹ், வாஹ்" என்று முழங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வான்.

இந்தக் கவிதை நமது தென்திசையிலேயே செழித்தது. ஹைதராபாத் நகரை 1591-ல் நிறுவிய குலி குதுப் ஷா தக்கணி உருதுவில் பாடினார். அவுரங்காபாத்துக் கவிஞர் வலி 1700-ஐ ஒட்டி டில்லிக்குப் போனார். அவரது கவிதையைக் கண்ட பிறகுதான், பாரசீகத்தில் எழுதிவந்த டில்லிக் கவிகள் ஜனங்களின் பேச்சு மொழியைப் பெரிதாக மதித்தார்கள். அந்த வலியின் சமாதியை 2002-ல் ஆமதாபாத்தில் மதவெறிக் கும்பல் இடித்துத் தள்ளியது. காதலைப் பாடியவனின் கல்லறைகூட வெறியர்களுக்குப் பொறுக்கவில்லை!

நவாபுகளை மகிழ்விக்க எழுதிய வெற்றுச் சரக்கும் உருதுவில் ஏராளம். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மகா கவிகள் வேறு ரகம். மீர் தகி மீர் (1723–1810) வாழ்ந்த காலத்தில்தான் நாதிர் ஷா 1739-ல் டில்லியைச் சூறையாடினான். பிறகு அப்தாலியின் படைகள் வந்தன. மீர் உடைந்த இதயத்தைப் பாடினால் அதில் இடிந்த நகரமும் தெரியும். காலிப் (1797–1869), 1857 எழுச்சிக்குப் பின் வெள்ளையன் டில்லியில் பழி தீர்த்ததைக் கண்ணால் கண்டவர்.

இவர்கள் பாட்டில் காதலன் ஏழை, பித்தன். காதலி ஈவிரக்கமற்ற அரசி போல் நடப்பாள். ஊருக்கு உபதேசம் செய்யும் ஷேக்கு பரிகாசத்துக்கு ஆளாவார். கூண்டுப் பறவை, வேடன், பூந்தோட்டம், தூக்கு மேடை எல்லாம் வரும். கவிஞர் பறவையைத்தான் பாடுகிறார். கேட்கிறவனுக்கோ வேடன் யாரென்று தெரியும்! இப்படிக் காதலின் சொற்களே அடக்குமுறையை எதிர்க்கும் சொற்களாயின.

ஹஸ்ரத் மொஹானி இந்தப் பரம்பரையில் வந்தவர். எகிப்தில் ஆங்கிலேயர் கொள்கையைத் தாக்கிய கட்டுரையைத் தம் பத்திரிகையில் வெளியிட்டதற்காக 1908-ல் ராஜத் துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். எழுதியவர் பெயரை அவர் சொல்லவில்லை. சிறையில் தானியம் அரைக்க வைத்தார்கள். அரைத்துக்கொண்டே கவிதையும் செய்தார். 1921 ஆமதாபாத் காங்கிரசில் பூரண சுதந்திரம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார், காந்திஜி எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. அதே கோரிக்கையைக் காங்கிரஸ் 1929-ல் லாகூரில் ஏற்றது.

1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மகாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவர் இந்தக் கவிஞர். தலைமை வகித்தவர் சென்னையிலிருந்து சென்ற நமது சிங்காரவேலர்! அப்பொழுதும் ஹஸ்ரத் காதல் பாடுவதை விடவில்லை. இளமையில் மறைத்து வைத்த காதலை நினைந்து அவர் எழுதிய கஜலைக் குலாம் அலி பாட, 1982-ல் வந்த 'நிக்காஹ்' படத்தின் மூலம் நாடே கேட்டது.

அவருக்குப் பின்னும் வரிசை அறவில்லை. ஹைதராபாத்தில் தொழிற்சங்கம் கட்டி, தெலங்கானாப் போராட்டத்தில் தலைமறைவாக நின்ற மக்தூம் மொகிதீன் (1908–1969) இனிய காதல் கவி. பாகிஸ்தானில் தொழிற்சங்கத் தலைவராயிருந்த பைஸ் அகமது பைஸ் (1911–1984), ராவல்பிண்டி சதி வழக்கில் 1951 முதல் 1955 வரை சிறையிலிருந்தபடி தேசத்தையே காதலியாகப் பாடினார்.

எதற்காகப் போராடுகிறோம்? கூலி உயர, நிலம் கிடைக்க. சரி, அதெல்லாம் எதற்காக? மனிதன் மனிதனாக வாழ்வதற்கு. பதினாறு மணி நேரம் உழைப்பவனுக்குக் காதலிக்க நேரம் ஏது? அந்த நேரத்தைப் பறித்தவன் முதலாளி. பறிகொடுத்தவனைப் பார்த்து "உனக்குக் காதல் எதற்கு?" என்று நாமும் கேட்டால், முதலாளி பேச்சையல்லவா பேசுகிறோம்?

அன்று நோட்டுப் புத்தகத்தோடு வந்த தோழர் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். தோழரே, நாம் சொன்னது தவறு. அந்த நோட்டு இன்னும் இருந்தால் அடுத்த வாரம் கொண்டுவாருங்கள். போனஸ் விவகாரம் பேசி முடித்ததும் நீங்கள் படியுங்கள். நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.

இன்குலாப் ஜிந்தாபாத்!