காம்பவுண்ட் சுவரோரம் என்ன நடலாம்?



பொங்கல் சமயத்தில் நர்சரிப் பக்கம் போனால் பையில் காசு தங்காது. பெட்டூனியா, ஃப்ளாக்ஸ், டயாந்தஸ் என்று தட்டுத் தட்டாகப் பூத்து நிற்கும். ஒரு டஜன் வாங்கி வந்து வாசலோரம் வரிசையாக வைக்கிறோம். பங்குனி வெயில் வந்ததும் வரிசை மொத்தமும் கருகிவிடுகிறது. அவை சீசன் செடிகள், ஆயுளே அவ்வளவுதான். ஒரு முறை நட்டால் பல வருஷம் நின்று பூக்கிற செடிகளைச் சுவரோரப் பாத்திக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று பார்ப்போம். ஊட்டி, கொடைக்கானல் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது வெயில் காய்கிற சமவெளி ஊர்களைப் பற்றி.

தோட்டக்கலைப் புத்தகங்களில் பாதி இங்கிலாந்தை மனதில் வைத்து எழுதியவை. அங்கே பனிக்காலத்தில் செடி மண்ணுக்கு மேல் மடிந்து, வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம் ஊரில் ஓரச்செடி பன்னிரண்டு மாதமும் கண்ணெதிரே நிற்கும். பூ கொஞ்ச நாள், இலை வருஷம் முழுக்க. ஆகவே நர்சரியில் பூவைப் பார்த்து மயங்காமல், பூ இல்லாத நாளில் இந்தச் செடி பார்க்க எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பூ ஓய்ந்தால் வெறும் குச்சியாக நிற்கிற செடிக்கு முன் வரிசையில் இடம் கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுவரைக் கவனியுங்கள். காலை எட்டு மணி, நடுப்பகல், மாலை நான்கு மணி என மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேற்கு வெயில் அடிக்கிற சுவர், சாயங்காலம் தொட்டாலும் சுடும். அந்த அனலைத் தாங்க அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி போன்றவைதான் சரி. தேசிய நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளியைப் பார்த்திருப்பீர்கள். கவனிக்க ஆளில்லாமல், புகையையும் வறட்சியையும் தாங்கி, எதிர்வண்டி விளக்கு கண்ணில் அடிக்காமலும் மறைக்கிறது. ஆனால் அதன் இலை, பட்டை, பூ எல்லாமே விஷம். மாடு, ஆடு, தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் அரளி வேண்டாம் என்பது என் கட்சி.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டில் கண்டு பழகியவர்கள் வீட்டில் வைக்கத் தயங்குகிறார்கள். மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி அது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் அதிலிருந்துதான் வருகின்றன. ஆடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது. அடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் இரண்டே நாளில் அழுகிவிடும்.

மரநிழல் விழும் வடக்குப் பக்கம் நந்தியாவட்டைக்கும் கனகாம்பரத்துக்கும் ஏற்றது. கனகாம்பரத்தின் காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். சிறுவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. டெல்லிக் கனகாம்பரம் விதை கட்டாது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். செடி குட்டையாகி வெளுத்துப்போனால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தப் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுப் புழுவைக் குறைத்துவிட்டு, பிறகு கனகாம்பரம் வையுங்கள்.

இனி, சுவரோரச் செடிகளில் எனக்கு மிகப் பிடித்த இட்லிப் பூ. வெட்சி என்று சங்க நூல்கள் சொல்வதும் இதைத்தான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாய்மண். கொத்தில் ஒரு பூவை மெல்ல இழுத்து, நீளக் குழாயின் அடியை நாக்கில் வைத்துத் தேன் உறிஞ்சாத பிள்ளைப்பருவம் உண்டா? அந்தக் குழாய்க்குள் வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல் எளிதாக எட்டும்.

ஆனால் புது வீட்டில் இட்லிப் பூ நட்டவர்கள் ஒரு குறையோடு வருவார்கள்: "இலையெல்லாம் மஞ்சளடிக்குது, உரம் போட்டும் சரியாகலை." அந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக, நரம்புகளுக்கு இடையில் மட்டும் வெளுத்திருக்கும், அதுவும் இளம் இலையில். இது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கலவை, சுண்ணாம்பு, உடைந்த பூச்சு எல்லாம் சுவரடியில் புதைந்து மண்ணைக் களர்த்தன்மைக்குத் தள்ளிவிடும். இட்லிப் பூவோ புளிப்பு மண் கேட்கிற செடி. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். அது தற்காலிகம்தான். நடுமுன்பே சுவரை விட்டு இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குப்பை மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பினால் இந்தத் தொல்லையே வராது.

இன்னொன்று, கவாத்து. இட்லிப் பூ கிளை நுனியில்தான் பூக்கும். தோட்டக்காரர் மாதாமாதம் கத்தரியால் பெட்டி போலச் சீவினால் மொட்டு வைக்கிற நுனியெல்லாம் தரையில் கிடக்கும். பூத்து ஓய்ந்த கொத்தை மட்டும் கிள்ளுங்கள். பெரிய கவாத்து வருஷத்துக்கு ஒன்று போதும்.

செம்பருத்திக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மாவுப்பூச்சியைத் தவிர. 2008 வாக்கில் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. இன்றும் செடியில் எறும்பு வரிசை ஏறினால், கணுவில் வெள்ளை மாவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும்.

சமையலறைத் தண்ணீர் வந்து தேங்கும் மூலைக்குக் கல்வாழை. அந்த ஈரத்தில் வேறு எதையும் வைத்துப் போராடாதீர்கள்.

உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். நர்சரியில் பல நிறத்தில் விற்கிறார்கள், அழகாகவும் இருக்கிறது. அழகுக்காகத்தான் அதை 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, இன்று முதுமலைக் காட்டில் புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் அந்தத் தண்டுகளை வளைத்து நிஜ அளவில் யானைகள் செய்தார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. யானை செய்தும் தீராத அளவுக்குக் காட்டில் கிடக்கிறது.

எல்லாம் ஒரே மாதத்தில் பூத்து ஓயாமல் இருக்கக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். மார்கழிக்கு டிசம்பர் பூ. கோடைக்குக் காகிதப்பூ, தண்ணீரைக் குறைத்தால்தான் அது நிறைந்து பூக்கும். மழை பெய்து சில நாளில் எட்டிப்பார்க்கும் மழை லில்லியை முன் விளிம்பில் நடலாம். மற்ற நாட்களை நந்தியாவட்டையும் இட்லிப் பூவும் பார்த்துக்கொள்ளும். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்பது உங்களுக்கே தெரியும். இடைவெளியில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். பை செடி ஒரு சாண் இருக்கிறதே என்று அடிக்கு ஒன்று நட்டால் மூன்றாம் வருஷம் ஒன்றை ஒன்று நெருக்கும். சாதாரண இட்லிப் பூவுக்கு மூன்றடி, குட்டை ரகத்துக்கு ஒன்றரை அடி விடுங்கள்.

நர்சரியில் செடி எடுக்கும்போது பையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வேர் ஓட்டை வழியே கயிறாக வெளியே வந்திருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் தவறக் கூடாது. காய்ந்த இலைச் சருகால் அடியில் மூடாக்குப் போடுங்கள்.

டிசம்பர் பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி மூன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. பென்சில் கனக் குச்சி ஒன்றை மழைக்காலத்தில் நட்டால் வேர் விடும். பக்கத்து வீட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள்.