ஊருக்கு ஓர் இசையாசிரியர் சங்கம்



ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையில் மாலை வேளையில் நடப்பவருக்கு இருவகை ஒலிகள் காதில் விழும். ஒன்று, தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் இரைச்சல். மற்றொன்று, சற்று உள்ளடங்கிய தெருவில் ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து வரும் சரளி வரிசை. முதல் ஒலியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் அத்தொழில் வேரூன்றியது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் எப்படி மாறின என்பதை நீங்கள் பாடப் புத்தகத்திலேயே படிக்கிறீர்கள். இரண்டாவது ஒலியைப் பற்றிப் பேசுவார் சிலரே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

அந்தச் சரளி வரிசையைச் சொல்லிக்கொடுப்பவர் யார்? திருமணமாகி இவ்வூருக்கு வந்த ஒரு பெண்மணியாக இருக்கலாம். வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒருவராக இருக்கலாம். பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் இளைஞராகவும் இருக்கலாம். இவர்கள் ஒவ்வொருவரும் தனியர். பள்ளியாசிரியருக்குத் தலைமையாசிரியர் உண்டு, ஆசிரியர் அறை உண்டு, ஐயம் வந்தால் கேட்கப் பக்கத்து வகுப்பு உண்டு. வீட்டிலிருந்து கற்பிக்கும் இசையாசிரியருக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அவர்கள் ஒன்றுகூட வேண்டிய தேவை உண்டாகிறது.

முற்காலத்தில் இத்தேவை தோன்றவில்லை. குருவின் வீடே பள்ளியாக இருந்தது. நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்தில் 1889-ஆம் ஆண்டு பிறந்து 1934-இல் மறைந்த நாயனாப் பிள்ளை அவர்களை எண்ணிப் பாருங்கள். லயத்தில் அவருக்கு இணையானவர் அரிதென்று பெயர் பெற்றவர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் அவரிடம் பயின்றனர். சென்னையில் வீணை தனம்மாள் குடும்பத்தில் பிறந்த பிருந்தா, இசை கற்பதற்காகக் காஞ்சிக்கு வந்து தங்கினார். தியாகராஜர் உற்சவத்தையும் நாயனாப் பிள்ளை காஞ்சியிலேயே நடத்தினார். பள்ளி, சங்கம், விழாக் குழு மூன்றும் ஒரே மனிதரிடத்தில் அடங்கியிருந்தன.

காலம் மாறிற்று. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அம்மாநாட்டில் பிறந்த எண்ணமே மறு ஆண்டு மியூசிக் அகாடமியாக உருப்பெற்றது. 1928 ஆகஸ்டு 18-ஆம் நாள் சர் சி. பி. ராமசாமி ஐயர் அதனைத் தொடங்கி வைத்தார். மூன்றே ஆண்டுகளில், அதாவது 1931-இல், அந்தச் சபை இசையாசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியை ஏற்படுத்தியது. பாடத் தெரிந்தவர் அனைவரும் பாடக் கற்பிக்கத் தெரிந்தவர் ஆகார் என்ற உண்மையை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். கடல் கடந்த நாடுகளிலும் இவ்வாறே. அமெரிக்காவில் 1876-ஆம் ஆண்டிலேயே தியோடோர் பிரெஸ்ஸர் என்பவர் முன்னின்று, ஒஹாயோ மாநிலத்தில் இசையாசிரியர்களைக் கூட்டித் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினார். அது இன்றும் நடைபெற்று வருகிறது.

இனி எங்கள் சிறு சங்கத்திற்கு வருகிறேன். நான் இசைவாணன் அல்லன். கணக்கும் தமிழும் கற்பித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். கூட்டம் நடத்தவும் வரவு செலவு எழுதவும் தெரிந்தவன் என்பதற்காகவே சுற்றுவட்டார இசையாசிரியர்கள் என்னைத் தலைவராக்கினர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. அதன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். விதிகள் எழுத வேண்டும்; ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும்; கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் மட்டும் கூடுவோம். மூன்று மாதத்திற்கொரு முறை மாணவர் அரங்கேற, ஆண்டுக்கொரு முறை விழா. சொல்லுவது எளிது, நடத்தியபோதுதான் சிக்கல்கள் தெரிந்தன. முதல் நிகழ்ச்சியை மாலை ஆறு மணிக்கு வைத்தோம். பெற்றோர் பாதிப்பேர் வரவில்லை. காரணம் பின்னர்தான் புரிந்தது. இவ்வூரில் பொழுது சூரியனைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. ஷிப்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இரண்டாம் ஷிப்டில் தந்தை இருக்கும் பிள்ளை காலையில் பாட வேண்டும். இரவு ஷிப்டில் இருந்தால் மாலையில் பாட வேண்டும். அதன்பின் நிகழ்ச்சி நிரல் எழுதுமுன் ஒவ்வொரு வீட்டு ஷிப்டையும் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் வழக்கமாயிற்று.

அடுத்தது சுருதி. சிறுமியர் ஐந்து கட்டையில் பாடுவர். குரல் உடைந்த பையன்கள் ஒன்று, இரண்டு கட்டைக்கு இறங்கிவிடுவர். பெயரின் அகர வரிசைப்படி மேடையேற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியை மாற்ற வேண்டும். மிருதங்கத்தையும் மாற்ற வேண்டும். கேட்பவர் பொறுமை இழப்பர். ஒத்த சுருதியினரைச் சேர்த்து அமர்த்தினோம். அரை நாள் நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிடம். சரளி வரிசை பாடும் குழந்தைக்கும் மேடை உண்டு. வர்ணம் பாடுபவருக்கும் உண்டு. மேடையேறக் கட்டணம் இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் போட்டியும் இல்லை. பரிசு பெற்ற ஒரு குழந்தையின் மகிழ்ச்சிக்காகப் பதினைந்து குழந்தைகள் பாட்டையே விட்டுவிடுவதைப் பள்ளியிலேயே கண்டவன் நான்.

இவையெல்லாம் நன்றாகவே நடந்தன. ஆனால் ஒரு விதியில் நான் தவறினேன். அதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

சங்க விதிகளை எழுதியவன் நான். 'இசையில் அரசுத் தேர்வுச் சான்றிதழோ பட்டயமோ பட்டமோ பெற்றவரே உறுப்பினராகலாம்' என்று மூன்றாம் விதியாக எழுதினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்தே ஆசிரியரை மதித்துப் பழகியவனுக்கு அது இயல்பாகத் தோன்றியது. இரண்டாம் ஆண்டில் நாதசுர வித்துவான் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். பரம்பரையாகக் கோயில்களில் வாசிப்பவர். இரண்டு பேரன்மாருக்கும் அயல் வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்கும் கற்பித்து வந்தார். "நானும் சேரலாமா, ஐயா?" என்று கேட்டார். விதியைப் படித்துக் காட்டினேன். "சரிங்க ஐயா" என்று சொல்லி, மடித்து வைத்திருந்த 300 ரூபாயை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவர் வருத்தப்பட்டதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்கள் சென்றன. ஒரு மாதக் கூட்டத்தில் தோடி ராகத்தைப் பற்றி விவாதம் எழுந்தது. அது எட்டாவது மேளகர்த்தா. புத்தகத்தில் அதன் காந்தாரத்திற்குச் 'சாதாரண காந்தாரம்' என்று பெயர். எழுத்தில் 'க' என்ற ஒரே அடையாளம். ஆனால் பாடும்போது அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்து கொண்டேயிருக்கும். அந்த அசைவுக்குத்தான் கமகம் என்று பெயர். இதனை எழுத்தில் பிடிக்க வேண்டுமென்றே சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் தனித்தனிக் குறிகள் அமைத்தார். எனினும் குறியைப் பார்த்து மட்டும் ஒருவர் தோடி பாடிவிட முடியாது. பிள்ளைகளுக்கு அந்த அசைவை எந்த அளவில், எப்போது சொல்லித்தருவது என்பதில் எங்கள் ஆசிரியர்கள் இரு கட்சியாகி, முடிவு காணாமலே பிரிந்தனர்.

அவ்வாண்டு சித்திரைத் திருவாதிரையை ஒட்டி, உடையவர் உற்சவத்தின்போது ஓர் இரவு எங்களில் நால்வர் ஸ்ரீபெரும்புதூர் வீதியில் நின்றிருந்தோம். புறப்பாடு வந்தது. முன்னே நாதசுரம். தோடி வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த வித்துவான். வீதி முனையில் சுவாமி நின்றது. அவரும் நின்று வாசித்தார். கால்மணி நேரத்திற்கு மேல் இருக்கும். எந்தக் காந்தாரத்தைப் பற்றி மூன்று மணி நேரம் வாதாடினார்களோ, அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்தது. ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. வயலின் ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "இவரை நம் கூட்டத்திற்கு ஏன் அழைக்கவில்லை?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

விதியைத் திருத்தப் பொதுக்குழுவைக் கூட்டினேன். எதிர்ப்பு வந்தது. அதுவும் எளிதில் தள்ளத்தக்க எதிர்ப்பன்று. குரலிசை கற்பிக்கும் ஓர் அம்மையார் எழுந்து, "குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் சென்னைக்குப் போய்வந்து பட்டயம் வாங்கினேன். அது வேண்டியதில்லை என்று இன்று சொல்கிறீர்கள். பெண்பிள்ளை வீட்டிலிருந்து ஏதோ சொல்லித்தருகிறாள் என்று பேசும் ஊரில், அந்த ஒரு தாள்தான் எனக்கு மரியாதை தேடித் தந்தது" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பரம்பரை இல்லாதவருக்கு இசை உலகின் கதவைத் திறந்துவிட்டது சான்றிதழ் அல்லவா? அதே சான்றிதழ் பரம்பரையில் வந்தவருக்குக் கதவைச் சாத்தியது என்பதும் உண்மைதானே?

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் நம் அயலூராகிய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார். திருஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடன் சென்றவர் அவர் மனைவியார். சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்தில் அனைவரும் தங்கியபோது, பாணருக்கு இடம் எங்கே என்ற கேள்வி வந்தது. நீலநக்கர் வேள்வித் தீ வளர்க்கும் தம் வீட்டின் நடுவிடத்தை அவர்களுக்கு அளித்தார். அத்தீ அணையவில்லை, முன்னைவிட ஓங்கி வலமாகச் சுழன்றது என்று பெரிய புராணம் கூறுகிறது. இதனைக் கூட்டத்தில் சொன்னேன். "பாணர் வந்ததால் நீலநக்கரின் தீ குறையவில்லை, அம்மா. உங்கள் பட்டயமும் குறையாது" என்றேன். சான்றிதழ் பெற்றவரோடு, பத்தாண்டுகளுக்குக் குறையாமல் கற்பித்து வருபவரும் உறுப்பினராகலாம் என்ற திருத்தம் நிறைவேறியது. அம்மையார் எதிர்த்தே வாக்களித்தார்.

மறுநாள் வித்துவான் வீட்டுக்கு நானே சென்றேன். நான் எழுதிய விதி தவறு என்று சொன்னேன். சற்று நேரம் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வருகிறேன் ஐயா. ஆண்டு விழாவில் மங்கல இசை முதலில் நம் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். கூட்டம் சேருவதற்கு முன்பாக அல்ல, எல்லாரும் வந்து உட்கார்ந்த பின்பு" என்றார். அதன் பொருள் எனக்குப் புரிந்தது. திருமண வீடுகளிலும் விழாக்களிலும் நாதசுரம் ஒலிக்கும்போது நாம் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்! அவ்வாறே செய்தோம். அவர் பிள்ளைகள் வாசித்த இருபது நிமிடமும் மண்டபத்தில் பேச்சொலி எழவில்லை.

முடிவு நான் எதிர்பாராதது. சில வாரங்களுக்குப் பின் வித்துவான் தம் மூத்த பேரனை அழைத்துக்கொண்டு அந்த அம்மையார் வீட்டுக்கே போனார். "வாசிப்பு என்னிடம் இருக்கிறது அம்மா. ஆனால் எழுதும் தேர்வுக்கு இவனைத் தயார்செய்ய எனக்குத் தெரியாது. சான்றிதழ் இல்லாமல் இவனுக்கு வேலை கிடைக்காது" என்றாராம். அம்மையார் ஓராண்டு அப்பையனுக்கு இசையியல் கற்பித்தார். இன்று அவன் காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம் பயில்கிறான். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை அங்குக் கற்பிக்கப்படுகின்றன, மூன்றாண்டுப் படிப்பு. அம்மையாரின் மாணவியர் இருவர், தோடி கேட்பதற்காக வித்துவான் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் உட்காருகின்றனர்.

மாணவ மணிகளே, நாளை உங்களில் பலர் சங்கங்கள் அமைப்பீர்கள். மாணவர் மன்றம், விளையாட்டுக் கழகம், தொழிலாளர் சங்கம் என எதுவாகவும் அஃது இருக்கலாம். விதி எழுதும் பேனா உங்கள் கைக்கு வரும். எவரைச் சேர்ப்பது என்று எழுதுகிறபோது, எவர் வெளியே நிற்கப் போகிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எழுதிய விதி தவறென்று கண்டால் திருத்துங்கள். திருத்திய செய்தியைத் தபாலில் அனுப்பாதீர்கள். நீங்களே நடந்து போய்ச் சொல்லுங்கள்.