தலைமுடியும் தன்மதிப்பும்

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசாமல் தலைமுடியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை நாம் பட்டறிந்திருக்கிறோம். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

1970களின் பிற்பகுதியில் நாங்கள் சேரிப் பிள்ளைகளாகத் தொடக்கப் பள்ளிக்குச் சென்றோம். ஊரில் முடிதிருத்துபவர் ஒருவர் இருந்தார். ஊர்த்தெருவில் திண்ணைதோறும் சென்று தொழில் செய்வார். எங்கள் தெருவுக்கு வரமாட்டார். அவர்மீது எங்களுக்குச் சினமில்லை. எங்கள் தலையில் கத்தரி வைத்தால், ஊரார் அளக்கும் கூலிநெல் நின்றுவிடும். அவரும் கட்டுண்டவரே.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் கரையில் அமரவைத்து எங்கள் தந்தையரே முடி வெட்டினர். மண்வெட்டி பிடித்த கைக்குக் கத்தரிக்கோல் எளிதில் வசப்படவில்லை. மேடும் பள்ளமுமான தலையோடு திங்களன்று வகுப்பிற்குச் சென்றால், "எலி கடித்த தலை" என்று சிரிப்பொலி எழும். எண்ணெய் காணாத தலையைப் "பரட்டை" என்றனர். செம்பட்டை பாய்ந்த முடியை அழுக்கு என்றனர். போதிய புரதச்சத்து கிடைக்காத குழந்தையின் முடி நிறம் மங்கி, வறண்டு, எளிதில் உதிரும் என்று பிற்காலத்தில் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அது அழுக்கன்று; பசி!

அதை அறியாத வயதில், கடைசி வரிசையை நாங்களே தேடிச் சென்று அமர்ந்தோம். விடை தெரிந்தும் எழுந்து நிற்கவில்லை. எழுந்தால் அனைவரும் திரும்பித் தலையைப் பார்ப்பார்களே என்ற அச்சம். தலைக்கு வெளியே விழுந்த ஏச்சு, தலைக்கு உள்ளே இருந்த அறிவையும் அடக்கிவிட்டது.

ஆசிரியப் பணிக்கு வந்தபின் அண்ணல் அம்பேத்கரின் நினைவுக் குறிப்புகளைப் படித்தோம். சதாராவில் அவர் சிறுவராக வாழ்ந்த நாளில், தீண்டப்படாதோருக்கு முடி வெட்ட எவரும் இசையவில்லை. அவருடைய தமக்கையாரே வீட்டில் அனைவருக்கும் முடி வெட்டினார். கூலி கொடுக்க வசதியில்லாத காரணத்தால் அன்று என்பதையும் அண்ணல் தெளிவாக எழுதியுள்ளார். அதைப் படித்த அன்று, எம் தந்தையாரின் துருப்பிடித்த கத்தரிக்கோல் எமக்கு இழிவின் சின்னமாகத் தோன்றவில்லை. அன்பின் கருவியாகத் தோன்றிற்று.

இத்துணை பட்டிருந்தும் நாமும் ஒரு பிழை செய்தோம். பணியில் சேர்ந்த புதிதில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வகுப்பின் முன் நிறுத்தி, "தலை வாரக்கூட நேரமில்லையா?" என்று கடிந்தோம். மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். தாய் விடியுமுன் நடவுக்குச் சென்றுவிடுவார். தம்பிக்குக் கஞ்சி ஊற்றி, தலை வாரிவிட்டு, தன் தலையை வாராமலே ஓடிவந்தவள் அவள். எங்களைக் கூசவைத்த அதே குரல் எம் வாயிலிருந்தும் வந்ததை எண்ணி வெட்கினோம். அவளிடம் வருத்தம் தெரிவித்தோம். மறுவாரமே பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகளின் உயரத்திற்கு ஒரு நிலைக்கண்ணாடி மாட்டினோம். அதன்பின் எவர் தலையையும் குறித்து வகுப்பில் ஒரு சொல் சொன்னதில்லை.

இளந்தோழர்களே! இன்றும் சில ஊர்களில் முடிதிருத்தகத்தில் நம்மவருக்கு இடமில்லை என்ற செய்தி நாளேடுகளில் வருகிறது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்றது. தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பது அச்சட்டப்படி ஆறு திங்கள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதை அறிந்து வைத்திருங்கள். நேர்ந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

நம் மாலை வகுப்புகளில் பாடம் சொல்லும் இளைஞர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். உங்கள் முன் அமரும் பிள்ளையின் தலை எப்படியிருப்பினும், முதலில் அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள். கடைசி வரிசையில் இருந்தால் முன்னே அமர்த்துங்கள். பிறகு பாடத்தைத் தொடங்குங்கள். நிமிர்ந்த தலையில்தான் கல்வி நிலைக்கும்.