நம்ப முடியவில்லை: யாரால்?



மறைந்த தோழரின் நினைவாக ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். 'நம்ப முடியவில்லை.' துக்க வீட்டில் நாமும் இதைச் சொல்கிறோம்; அங்கே அது அன்பின் சொல். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அது வேறு வேலை செய்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சங்கம் வைத்து, கூலியை உயர்த்திக் கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். 1970இல் கீழ் நீதிமன்றம் எதிரிகளில் சிலருக்குச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் உடைய மிராசுதார்கள், அவர்களில் ஒருவர் காரும் வைத்திருப்பவர், வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்றது தீர்ப்பு.

இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 'நான் நம்ப மறுக்கிறேன்' என்றால் மறுப்பவர் எதிரே நிற்கிறார். ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்கலாம். 'நம்புவது கடினம்' என்றால் ஆள் மறைந்துவிடுகிறார். குறை முழுதும் சாட்சி சொன்னவரின் தலையில் விழுகிறது. தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இரண்டு மொழியிலும் இந்த வாக்கியம் செய்யும் வேலை ஒன்றுதான்.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றவர், குயவர் சமூகத்துப் பெண்ணான பன்வாரி தேவி. 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாகப் புகார் கொடுத்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தீட்டே அவர்களுக்குச் சாட்சியாக வந்து நின்றது.

2018 மார்ச்சில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகாரைப் பதிவு செய்யும் முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: முதல் தகவல் அறிக்கைக்கு அப்படியொரு விசாரணை தேவையில்லை. நாம் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நாம் கேட்கவில்லை. பதிவு செய்யுங்கள், பிறகு விசாரியுங்கள் என்கிறோம். 'நம்புற மாதிரி சொல்லு' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள் என்கிறோம்.

நம்மிடமும் ஒரு நம்ப மறுத்தல் உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் முதலாவதே, பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரன் மீது நம்பிக்கை வைக்க மாட்டேன் என்பது. அங்கே ஆள் மறையவில்லை. லட்சக்கணக்கானோர் 'நான்' என்று சொல்லியே மறுத்தார்கள். அதை அவநம்பிக்கை என்று தூற்றுவோர் உண்டு. நாம் அதைப் பொறுப்பேற்பு என்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்பையோ விசாரணை அறிக்கையையோ படிக்கும்போது 'நம்ப முடியவில்லை' என்று வரும் இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். பக்கத்தில் இரண்டு கேள்விகள் எழுதுங்கள். யாரால் முடியவில்லை? சான்று போதாததாலா, சொன்னவர் சேரியிலிருந்து வந்ததாலா? சான்று போதவில்லை என்றால் நாமும் ஏற்போம். மற்றது காரணம் என்றால் அதை விடக்கூடாது.